நடுக்கடலில் புயல்: படகை விட்டு இறங்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தாரிணி' பாய்ப்படகில் உலகைச் சுற்றிவிட்டுக் 2025 மே 29 அன்று கோவா திரும்பிய கடற்படை அதிகாரிகள் தில்னா, ரூபா இருவரையும் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை மிகுந்த மகிழ்ச்சியோடு படித்தேன். ரூபா புதுச்சேரிப் பெண் என்பதால் எங்கள் பகுதித் தமிழர்கள் பலர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டுரையை ஒட்டிச் சென்ற வாரம் இதே பகுதியில் வந்த செம்பூர் வாசகரின் கடிதம்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

அவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். பெற்ற பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பியவர்களின் பதைப்பு அந்தக் கடிதத்தில் தெரிகிறது. ஆனால் அவர் சொல்லும் யோசனைகள் இரண்டு. காற்று வலுக்கும் அறிகுறி தெரிந்தால் எந்தப் பாய்ப்படகும் அருகிலுள்ள கரையை நோக்கித் திரும்பிவிட வேண்டும் என்பது முதலாவது. முடியாவிட்டால் படகைக் கைவிட்டு, ரப்பர் உயிர்காப்புப் படகில் ஏறி உதவி கேட்க வேண்டும் என்பது இரண்டாவது. இதைச் செய்யாதவர்கள் வீம்புக்காரர்கள் என்றும் முடித்திருக்கிறார். கரையிலிருந்து பல நூறு மைல் தள்ளிப் போய்விட்ட ஒரு சின்னப் படகுக்கு இந்த இரண்டு யோசனைகளுமே உயிருக்கு உலை வைப்பவை. உங்கள் நாளிதழைப் படிக்கும் எத்தனையோ வீடுகளில் கடலுக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மறுப்பு இல்லாமல் இது அச்சில் நின்றுவிடக் கூடாது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மும்பைத் தாருகானாவில், பழைய கப்பல்களை உடைக்கும் இடத்தை ஒட்டிய சந்தில், கயிறும் பாயும் பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இழுவைப் படகுகளுக்கு வடம் பின்னிக் கொடுப்பது முக்கிய வேலை. மழைக்காலத்துக்கு முன்பு கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் நிற்கும் பாய்ப்படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். அப்போது அவற்றின் பாய்கள் கிழிசல் தைக்க என்னிடம் வரும். என் அப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். உப்பும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துப் போன தலைமுறை அது. கரை கண்ணில் படாத வரையில் தோணியில் யாரும் பதற மாட்டார்கள் என்று அவர் சொல்லுவார். அன்று அதைக் கதையாகத்தான் கேட்டேன். ஏன் அப்படி என்பது இந்தத் தொழிலில் பல வருடம் இருந்த பிறகுதான் விளங்கியது.

மும்பைக்கு மேற்கே கடல் சட்டென்று ஆழமாவதில்லை. கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாம்பே ஹை எண்ணெய்க் கிணறுகள் பக்கத்தில்கூட ஆழம் ஏறத்தாழ 75 மீட்டர்தான். அலைக்கு அலை 10 விநாடி இடைவெளியில் வரும் ஒரு பெரிய அலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு 156 மீட்டர் நீளம் இருக்கும். நீளத்தில் பாதிக்கும் குறைவான ஆழம் வந்தவுடன் அலைக்குத் தரை தட்டுப்பட ஆரம்பிக்கும். அதாவது பாம்பே ஹை பக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். அங்கிருந்து கரை நோக்கி வர வர அலையின் வேகம் குறையும், நீளம் குறுகும், முகம் செங்குத்தாகும், கடைசியில் முகடு உடைந்து விழும். ஆழ்கடலில் ஏறி இறங்கிக் கடந்துபோயிருக்கக்கூடிய அதே அலைதான் கரையருகே வெள்ளைச் சுவராக நிற்கிறது. சிறு படகைப் புரட்டுவது அலையின் உயரம் மட்டுமல்ல, அது உடைவதுதான்.

அலையைத் தாண்டி வந்தாலும் கரை காத்திருக்கிறது. கொலாபா முனைக்கு வெளியே பிராங்ஸ் பாறைத்திட்டு. வடக்கிலும் தெற்கிலும் மீன்பிடி வலைகளுக்கு நட்ட கம்பங்கள். ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும் ஓதம். தென்மேற்குக் காற்று வீசும்போது கொங்கண் கரை முழுவதுமே காற்று போய் மோதும் கரை. அந்த நேரத்தில் மழைத் திரைக்குள் வழி தேடி வரும் படகுக்குச் சுக்கான் உடைந்தாலோ பாய் கிழிந்தாலோ சரிசெய்ய அவகாசமே கிடையாது. அரை மணி நேரத்தில் பாறையில் இருக்கும். அதே கோளாறு கரையிலிருந்து 300 மைல் தள்ளி நடந்தால், ஒரு நாள் முழுக்கக் காற்றோடு நகர்ந்தாலும் மோதுவதற்கு ஒன்றும் இல்லை. கடலோடிகள் புயலில் தேடுவது இந்த வெற்றுக் கடலைத்தான்.

கணக்கையும் பார்க்க வேண்டும். முப்பது அடிப் பாய்ப்படகு ஒன்று நல்ல காற்றில் மணிக்கு ஐந்து அல்லது ஆறு கடல் மைல் போகும். துறைமுகம் 200 மைல் தொலைவில் இருந்தால் ஒன்றரை நாள். காற்று ஏறுவதற்குள் நிச்சயமாகத் துறைமுகத்துக்குள் போய் நங்கூரம் போட்டுவிட முடியும் என்றால் போகலாம், போகவும் வேண்டும். முடியுமா என்று சந்தேகம் வந்துவிட்டால் பாதி வழியில் மாட்டிக்கொள்வதைவிட மோசமான நிலை இல்லை. 2017இல் ஒக்கி புயலின்போது கன்னியாகுமரி, கேரளக் கரைகளைச் சேர்ந்த விசைப்படகுகள் பல வடக்கே ஓடிவந்து மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கியதை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புயலை விட்டு விலகி ஓட எஞ்சின் வேகம் இருந்தது, ஓடுவதற்குக் கடலும் இருந்தது. அவை விசைப்படகுகள். அதே புயலில் மாண்ட, கன்னியாகுமரிக் கரையின் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து மீனவர்களின் துயரத்தைப் பாய்ப்படகுக் கதையோடு ஒன்றாக்க நான் விரும்பவில்லை. எச்சரிக்கை போய்ச் சேராததால் போன உயிர்கள் அவை. அதற்குத் தனியே ஒரு கடிதம் எழுத வேண்டும்.

இனி இரண்டாவது யோசனை. இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 பாய்ப்படகுகள் புறப்பட்டன. வழியில் பெரும் புயல் அடித்தது. பந்தயத்தை முடித்தவை 85 படகுகள்தான். போட்டியாளர்களில் 15 பேர் இறந்துபோனார்கள். ஆட்கள் கைவிட்டு வெளியேறிய படகுகள் 24. அவற்றில் 19 படகுகள் பிறகு மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன. ஆளில்லாத படகு, சுக்கானைப் பிடிக்கக் கையில்லாத படகு, அந்தப் புயல் முழுவதையும் தாங்கி மிதந்திருக்கிறது! இறங்கிப் போனவர்கள் ஏறிய ரப்பர் படகுகளோ சில கவிழ்ந்தன, சில பிய்ந்தே போயின. அதில் உயிர்கள் போயின. ரப்பர் படகுக்குள் கீழிருந்து மேலே ஏறித்தான் கால் வைக்க வேண்டும் என்று கடலோடிகள் சொல்வது இதனால்தான். கால் வைத்து நிற்கும் படகு முங்கி, ரப்பர் படகு தலைக்கு மேலே மிதக்கும் கணம் வரை சொந்தப் படகை விடக் கூடாது.

நம் நாட்டுச் சான்றே இருக்கிறது. அபிலாஷ் டோமி 2012 நவம்பரில் இதே மும்பையிலிருந்து 'மாதேயி' படகில் தனியே புறப்பட்டு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013இல் இங்கேயே திரும்பியவர். 2018 செப்டம்பரில், தனியாளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 'துரியா' என்ற 32 அடிப் படகில் தென் இந்தியப் பெருங்கடலில் இருந்தபோது புயல் படகைப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்து நடக்க முடியாத அவர் அனுப்பிய செய்தியில், படகுக்குள் பத்திரமாக இருப்பதாகவே சொல்லியிருந்தார். நம் கடற்படை விமானம் வந்து இடத்தைக் கண்டது. செப்டம்பர் 24 அன்று 'ஒசிரிஸ்' என்ற பிரெஞ்சு ரோந்துக் கப்பல் அவரை மீட்டது. புயலடித்த நாளிலிருந்து அதுவரை அவரைக் காப்பாற்றி வைத்திருந்தது, மரம் முறிந்து கிடந்த அந்தப் படகுதான். முதுகு உடைந்த மனிதர் ஒருவர் அந்தக் கடலில் ரப்பர் படகை ஊதி இறக்கி, அதில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று செம்பூர் வாசகரே யோசித்துப் பார்க்கட்டும். அதே மனிதர் 2022இல் மறுபடி அதே பந்தயத்தில் கலந்துகொண்டு, 2023 ஏப்ரலில் இரண்டாமவராக முடித்தார்.

சரி, கரைக்கும் போகக் கூடாது, படகையும் விடக் கூடாது என்றால் என்னதான் செய்வது என்று கேட்பார்கள். செய்வதற்கு நிறைய இருக்கிறது. பாதிக்கு மேல் புயல் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை.

காற்றின் வேகம் 20 நாட்டிலிருந்து (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 40 நாட்டாக ஏறினால் பாயின் மீது அழுத்தம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 60 நாட் என்றால் ஒன்பது மடங்கு. ஆகவே பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் முதலில் வரும்போதே சுருக்கிவிட வேண்டும். புயலுக்கென்று இருக்கும் சின்னஞ்சிறு பாயை, தளத்தில் நிமிர்ந்து நிற்க முடிகிற நேரத்திலேயே எடுத்துப் பூட்டிவிட வேண்டும். பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் இந்தப் பாயை மூட்டைக்குள் அடியில் போட்டு வைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கட்டுப் பிரிக்காத புதுப் பாயாக, பை மடிப்புகூடக் கலையாமல் என் பட்டறைக்கு வரும். ஒரு முறையாவது மரத்தில் ஏற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் இருக்காது.

அடுத்தது உள்ளே செய்ய வேண்டியது. பேட்டரி, அடுப்பு, தண்ணீர்க் கலம், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் படகு தலைகீழானாலும் நகராதபடி கட்ட வேண்டும். அறைக்கு இறங்கும் வாசலை மூடும் பலகைகளுக்குத் தாழ்ப்பாளோ கயிறோ இருக்க வேண்டும். ஃபாஸ்ட்நெட்டில் படகு சாய்ந்தபோது அந்தப் பலகைகள் கழன்று விழுந்து உள்ளே தண்ணீர் புகுந்த படகுகள் உண்டு. சோறு ஆக்கி வைத்துவிட வேண்டும், பிளாஸ்கில் வெந்நீர் நிரப்பிவிட வேண்டும், குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வருவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தளத்துக்கு வருபவர் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே இடுப்புக் கயிற்றைப் படகோடு கொக்கி போட்டுவிட வேண்டும். அந்தக் கயிறு குட்டையாக இருக்க வேண்டும். நீளக் கயிறு ஆளைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும். பிறகு யாராவது ஒருவர் தூங்கியே ஆக வேண்டும். தூக்கம் இல்லாத ஆள் எடுக்கும் முடிவுதான் புயலில் பல படகுகளைக் கெடுக்கிறது.

காற்று இன்னும் ஏறும்போது படகை நிறுத்திப் போடலாம். ஹீவிங்-டூ என்பார்கள். முன்பாயை வேண்டுமென்றே காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டுவார்கள். அது அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றை விட்டு விலக்கித் தள்ளும். சுருக்கிய பெரிய பாயும், காற்று போகும் பக்கம் தள்ளிக் கட்டிய சுக்கான் கட்டையும் சேர்ந்து அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பும். இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று அடக்க, படகு காற்றுக்குச் சாய்கோணத்தில் நின்று மெதுவாகப் பக்கவாட்டில் நகரும். அந்த நகர்வில் காற்று வரும் பக்கத்து நீரில் சுழல்கள் எழுந்து ஒரு சமதளப் பட்டை விரியும். வரும் முகடுகள் சில அதில் தணிந்துபோகும். இதை முதல் முறை பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு நிமிடம் முன்பு அலறிக்கொண்டிருந்த படகில் பேச்சு கேட்க ஆரம்பிக்கும், டீ வைக்கலாம். எல்லாப் படகும் ஒரே மாதிரி நிற்காது. பழைய பாணியில் நீண்ட அடிக்கட்டை உள்ளவை நன்றாக நிற்கும், புதிய மெல்லிய அடிக்கட்டைப் படகுகள் அடம் பிடிக்கும். எவ்வளவு பாய், சுக்கான் எந்த அளவு என்பதைச் சொந்தப் படகில் சாதாரண நாளில் செய்து பார்த்துத்தான் அறிய முடியும்.

பாய்களை எல்லாம் இறக்கிவிட்டுப் படகை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். உடையும் அலைகள் இல்லாத வரை ஒரு குறையும் இல்லை. ஆனால் அப்படி விட்ட படகு அலைக்குப் பக்கவாட்டைக் காட்டித்தான் கிடக்கும். ஃபாஸ்ட்நெட்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் மாதிரிப் படகுகளை வைத்துத் தொட்டியில் சோதித்தார்கள். படகின் நீளத்தில் 30 சதவீத உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் அடித்தாலே சில படகுகள் தலைகீழாகச் சாயும், 60 சதவீத உயரம் என்றால் எந்தப் படகும் உருளும் என்று தெரிந்தது. முப்பது அடிப் படகுக்கு 18 அடி அலை. புயலில் அது அபூர்வமே இல்லை. எனவே கடல் உடைய ஆரம்பித்துவிட்டால் அணியத்தையோ பின்முனையான அமரத்தையோ அலைக்குக் காட்டிப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும்.

அணியத்திலிருந்து பாராசூட் நங்கூரம் போடுவது ஒரு வழி. பெரிய குடை ஒன்று தண்ணீருக்குள் விரிந்து படகைக் காற்றுக்கு நேராகப் பிடித்து நிற்கும். அதில் இரண்டு சங்கடம். அலை தள்ளும்போது படகு பின்னோக்கிப் போகும், அப்போது சுக்கான் முறியலாம். கயிறு கப்பியில் உராயும் இடம் சில மணி நேரத்தில் நைந்துபோகும், அதைக் காப்பது தனி வேலை.

அமரத்திலிருந்து இழுவை விட்டுக் காற்றோடு ஓடுவது இன்னொரு வழி. அப்பா காலத்துத் தோணிகளில் தென்னை நார் வடங்களைப் பின்னால் விடுவார்கள். நார் வடம் மிதக்கும், ஓட்டத்தையும் குறைக்கும். பிரெஞ்சுக் கடலோடி பெர்னார் மொய்த்தெசியே, தென்கடலில் அப்படி இழுத்துக்கொண்டிருந்த வடங்களையே வெட்டிவிட்டு, அலையைச் சற்றே சாய்வாக அமரத்தில் வாங்கி வேகமாக ஓடித் தப்பித்தார். அவரிடம் கனமான இரும்புப் படகும், சுக்கானை விட்டு நகராத உறுதியும் இருந்தன. எல்லாருக்கும் அது பொருந்தாது. களைத்துப்போன இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகில் மணிக்கணக்காக ஒவ்வொரு அலைக்கும் சுக்கான் பிடிப்பது நடக்கிற காரியமில்லை.

அப்படிப்பட்டவர்களுக்காக டொனால்ட் ஜோர்டான் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் ஃபாஸ்ட்நெட் துயரத்துக்குப் பிறகு யோசித்து உருவாக்கியதுதான் தொடர்க்கூம்பு வடம். 1987இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. பெரிய குடை ஒன்றுக்குப் பதிலாக, நீண்ட நைலான் வடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னத் துணிக் கூம்புகள். வாய் ஐந்து அங்குலம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 20 அங்குல இடைவெளி. வடத்தின் கடைசி முனையில் பத்துக் கிலோ அளவுக்குச் சங்கிலி. அலை இல்லாத நேரத்தில் சங்கிலி முனை கீழே தொங்கும். அலை படகைத் தள்ளியவுடன் கூம்புகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரைப் பிடிக்கும். இழுப்பு விரைவாகவே ஏறும், ஆனால் வெடுக்கென்று இழுக்காது. ஊரே கூடி வடம் பிடிக்கும் தேர் மாதிரி, நூறு கைகளில் பாரம் பிரிந்துவிடும். நாலு கூம்பு கிழிந்தால் மற்றவை பார்த்துக்கொள்ளும்.

அப்படி ஒரு வடம் இப்போது என் பட்டறையில் கிடக்கிறது. மாட்டுங்காவில் இருக்கும் ஓய்வு பெற்ற கப்பல் எஞ்சினியர் ஒருவர், மழைக்காலம் முடிந்து மாலத்தீவு வரை போக ஆசைப்பட்டுத் தைக்கச் சொன்னது. ஒரு கூம்புக்குத் துணி வெட்ட அட்டை அச்சு செய்துகொண்டோம். பக்கத்தைச் சேர்த்துத் தைத்து, வாய் விளிம்பை மடித்து, மூன்று நாடாக்களை வைத்து இரட்டைத் தையல். பிறகுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. வடத்தின் பின்னலை மர ஊசியால் விலக்கி, நாடாவை அதற்குள் நுழைத்து, மறுபக்கம் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். ஒரு கூம்புக்கு முன்னால் மூன்று நாடா, பின்னால் மூன்று நாடா. மூன்றும் ஒரே இழுவிசையில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் கூம்பு கோணிக்கொண்டு சுழலும், சுழன்றால் வடம் முறுக்கேறும். என் மருமகள் இதை என்னைவிட நன்றாகச் செய்கிறாள். ஒவ்வொரு கூம்பையும் கைவிரல் விட்டு இழுத்துப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போவாள்.

"அண்ணாச்சி, இந்தத் துணிப் புனல்களை நம்பி உயிரை விடலாமா?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"புனலை நம்பலாம் சார். அதைக் கட்டப்போகிற இடத்தை முதலில் காட்டுங்கள்" என்றேன்.

படகு கரையேறி நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். அமரத்தின் இரு மூலையிலும் சாதாரணக் கிளீட்கள் (கயிறு சுற்றிக் கட்டும் கொம்புகள்), தளத்தோடு நான்கு திருகாணியில் நின்றன. துறையில் படகைக் கட்ட அது போதும். புயலில் உடையும் அலை அடிக்கும்போது வடத்தின் இழுப்பு படகின் எடையை நெருங்கக்கூடும். அலை சாய்வாக வந்தால் இரண்டு மூலையும் பாரத்தைச் சமமாகப் பங்கிடாது. மொத்த இழுப்பில் 70 சதவீதத்தை ஒரு மூலையே தாங்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அந்தக் கிளீட் தளத்தையும் பெயர்த்துக்கொண்டு போயிருக்கும். துருப்பிடிக்காத எஃகுப் பட்டையைப் பக்கச் சுவரின் நீளவாக்கில் வைத்து, உள்ளே தகடு கொடுத்து, போல்ட் போட்டு முடித்த பிறகுதான் வடத்தைத் தருவேன் என்று சொல்லிவிட்டேன். அவரும் எஞ்சினியர் அல்லவா, மறுபேச்சுப் பேசவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இந்த வடமும் மந்திரம் இல்லை. 2018 டிசம்பரில் அதே கோல்டன் குளோப் பந்தயத்தில் சூசி குடால் என்ற இளம் பெண், இழுவையைப் பின்னால் விட்டிருந்தும் வடம் அறுந்துபோனதால் படகு தலைகுப்புறப் புரண்டு மரத்தை இழந்தார். அவரும் படகை விடவில்லை. உள்ளேயே இருந்து, தேடி வந்த சரக்குக் கப்பலில் ஏறிப் பிழைத்தார். கயிற்றுத் தொழிலில் இருப்பவனுக்கு அந்தச் செய்தி சாதாரணச் செய்தி இல்லை. ஒவ்வொரு வடத்தையும் பின்னும்போது அந்தப் பெண்ணின் நினைவு வருகிறது.

காற்றின் திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் புயலின் மையம் ஏறத்தாழ வலக்கைப் பக்கம். புயல் நகரும் திசையில் பார்த்தால் அதன் வலப்பாதி கொடியது, அங்கே சுழற்சியின் வேகத்தோடு நகர்வின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. 2021 மே 17 அன்று டவ்தே புயல் குஜராத்தை நோக்கிக் கரையோரமாக வடக்கே ஏறியபோது மும்பையும் பாம்பே ஹையும் அந்தக் கொடிய பாதியில்தான் இருந்தன. நங்கூரம் அறுந்து மூழ்கிய பி-305 மிதவைக் கப்பலின் துயரத்தை இந்த நகரம் இன்னும் மறக்கவில்லை. கரையை ஒட்டிப் புயல் வடக்கே போகும்போது இந்த ஊர்ப் பாய்ப்படகு கரைக்கும் புயலுக்கும் நடுவே நிற்கக் கூடாது. நேரம் இருக்கும்போதே துறைமுகத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது புயலுக்கு மேற்கே வெகுதூரம் போயிருக்க வேண்டும். தாரிணி போன தென்கடலில் எல்லாமே தலைகீழ்: சுழற்சி வலஞ்சுழி, கொடிய பாதி இடப்பக்கம். ஃப்ரீமாண்டிலிலிருந்து லிட்டெல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் வழியாக இதையெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே இரண்டு பேரும் படகைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை வீம்பு என்று எழுதுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பெண்களையோ அபிலாஷ் டோமியையோ உங்கள் நிருபர்கள் பேட்டி காணும்போது பயமாக இருந்ததா, வீட்டு நினைவு வந்ததா என்று மட்டும் கேட்காமல், காற்று 50 நாட் தொட்டபோது எந்தப் பாய் மேலே இருந்தது, பின்னால் எதை விட்டீர்கள், எங்கே கட்டினீர்கள், யார் தூங்கினார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அதை அப்படியே அச்சிடுங்கள். தூத்தூரிலும் தூத்துக்குடியிலும் இங்கே ஆண்டாப் ஹில்லிலும் அதைப் படிக்கக் காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மும்பைத் துறைமுகத்துக்குள் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு கற்றுத்தரும் சங்கங்களும், அக்டோபர் முதல் மே வரை காற்று சீராக இருக்கும் நாட்களில், பந்தயப் பயிற்சியோடு படகை நிறுத்திப் போடும் பயிற்சியையும் கட்டாயமாக வைக்க வேண்டும்.

செம்பூர் வாசகர் விரும்பினால் பட்டறைக்கு வரட்டும். ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே வந்து கயிற்றுக் கடை என்று கேட்டால் காட்டுவார்கள். மழைக்காலத்துக்குப் பிறகு மீனவர்கள் கடலுக்குத் திரும்பும் நாரளி பௌர்ணமி கழிந்ததும் எஞ்சினியர் வடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார், அதற்கு முன்பு வந்தால் கையில் எடுத்தே பார்க்கலாம். ஞாயிறு மட்டும் விடுமுறை.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கயிறு, பாய்ப் பட்டறை,
தாருகானா, ரே ரோடு, மும்பை.